கட்டிய வீட்டுக்கு எட்டு வக்கணை: வாங்கும் முன்பே சொல்லிவிடுவோம்!



ஒரு மூட்டை மிளகாய் வத்தல் கடைக்கு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? மூட்டையின் வாயில் இருக்கும் பழத்தைப் பார்த்து விலை பேசுவதில்லை. அடியில் கைவிட்டு அள்ளுகிறோம். காம்பை ஒடித்துப் பார்க்கிறோம். குலுக்கினால் விதை சலசலக்கிறதா என்று காதருகே வைத்துக் கேட்கிறோம். உளுந்து மூட்டை என்றால் நடுவயிற்றில் குத்தூசியைச் செருகி, வந்த பருப்பை உள்ளங்கையில் கொட்டி, வண்டு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். இவ்வளவு சோதனையும் சில ஆயிரம் ரூபாய்ச் சரக்குக்கு!

அதே நாம், 30 லட்சம், 40 லட்சம் கொடுத்துப் புது வீடு வாங்கப் போகும்போது மட்டும் குத்தூசியைக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். பளபளக்கும் டைல்ஸையும், புதுப் பெயிண்ட் வாசனையையும், தேக்குக் கதவையும் பார்த்து மயங்கி அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். மூட்டையின் வாயைப் பார்த்து விலை பேசுவது என்பது இதுதான்.

நம் பரளச்சி, திருச்சுழி வட்டாரத்து வணிகர்கள் பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு அருப்புக்கோட்டையிலோ மதுரையிலோ கட்டி முடித்த வீடாக வாங்குவது சகஜமாகிவிட்டது. மாதச் சம்பளக்காரருக்கு வீடு பழுதானால் வீடு மட்டும்தான் பழுது. நமக்கு அப்படியல்ல. வீட்டில் போடும் பணம் கடையில் சரக்காக ஓடவேண்டிய முதல். பின்னாளில் கடைக்கு ஓவர்டிராஃப்ட் கேட்கும்போது வங்கியில் ஜாமீனாக வைப்பதும் அந்த வீட்டைத்தான். சுவர் வெடித்த வீட்டுக்கு மதிப்பு குறையும். மதிப்பு குறைந்தால் கடன் குறையும். கடன் குறைந்தால் தீபாவளிச் சரக்கு குறையும். ஆகவே வீட்டின் விரிசல் கல்லாப்பெட்டி வரை ஓடும் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அங்கீகாரம் வேறு, தரம் வேறு

"அப்ரூவல் இருக்கிறது, வங்கியும் லோன் கொடுக்கிறது, இதற்கு மேல் என்ன பார்க்க?" என்று கேட்பவர்கள் நம்மில் அநேகர். அவர்கள் மவுலிவாக்கத்தை மறந்துவிட்டார்கள்.

சென்னை போரூருக்கு அருகே உள்ள மவுலிவாக்கத்தில் 2014-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி, மழை பெய்துகொண்டிருந்த மாலை நேரத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே சரிந்து விழுந்தது. 61 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைப்புக்காக வந்த கட்டடத் தொழிலாளர்கள். அந்தக் கட்டடத்துக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது. நீதிபதி ரகுபதி தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. பக்கத்திலேயே நின்ற இரட்டைக் கட்டடமும் ஆபத்தானது என்று முடிவாகி, 2016-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி வெடி வைத்துச் சில விநாடிகளில் தகர்க்கப்பட்டது. இந்த இரட்டைக் கட்டடங்களில் ஒன்றுக்கு வைத்திருந்த பெயர் 'ஃபெய்த்'. மற்றொன்றுக்குப் பெயர் 'பிலீஃப்'. இரண்டுக்கும் தமிழில் நம்பிக்கை என்றே பொருள். நம்பிக்கை பெயரில் இருந்தது; தூணில் இல்லை.

கட்டியவர் தனியார் என்பதால்தான் இப்படி என்று சொல்லவும் இடமில்லை. 2021-ம் ஆண்டு ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், அரசு வாரியம் கட்டிய புத்தம் புதிய அடுக்குமாடி வீடுகளின் சுவர்ப் பூச்சு, கை வைத்தாலே உதிர்கிறது என்று குடியிருந்தோர் புகார் செய்தனர். ஐ.ஐ.டி. நிபுணர் குழு ஆய்வுக்கு அனுப்பப்பட்டது. பொறியாளர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

அனுமதி என்பது வரைபடத்தைப் பார்த்துக் கொடுப்பது. வங்கி பார்ப்பது தன் கடன் திரும்பி வருமா என்பதை. சிமெண்டு எவ்வளவு போட்டார்கள், கம்பி எத்தனை கனம் என்று பார்ப்பது இவர்கள் வேலையல்ல. அது வாங்குகிறவரின் வேலை.

'கட்டிய வீட்டுக்கு எட்டு வக்கணை' என்பார்கள். கட்டி முடித்த வீட்டில் குற்றம் சொல்வது எளிது என்பது அதன் பொருள். அந்த எட்டு வக்கணையையும் கிரயத்துக்குப் பின் சொல்லிப் பயனில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லிவிடுவோம்.

1. முதலில் மண்ணைக் கேளுங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, பரளச்சி வரை நம் பக்கத்துக் கரிசலைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் உப்பிக்கொள்ளும். பருத்திக்கும் மல்லிக்கும் நல்ல மண். வீட்டுக்குப் பொல்லாத மண். ஆண்டுதோறும் மண் உப்பி இறங்கும்போது அதன்மேல் நிற்கும் சுவரும் ஏறி இறங்குகிறது. செங்கல் சுவர் வளையாது, வெடிக்கும்.

ஆகவே கரிசலில் அஸ்திவாரம், ஈரம் ஏறி இறங்கும் மேல்மண்ணைத் தாண்டிக் கீழே உறுதியான தரையில் உட்காரவேண்டும். ஆழமான கரிசலுக்கென்றே ரூர்க்கி நகரிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் அடியில் குமிழ் போல அகன்ற பைல் முறையை வகுத்துக் கொடுத்தது. குறைந்தது மூன்றரை மீட்டர் ஆழம் துளையிட்டு, அடியில் தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலத்துக்குக் குடைந்து கான்கிரீட் நிரப்புவார்கள். மண் உப்பினாலும் அந்தக் குமிழ் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். எல்லா மனைக்கும் இது வேண்டும் என்பதில்லை. கரிசல் மெல்லிய படலமாக இருந்து கீழே சுக்கானோ சரளையோ இருந்தால் அதுவரை வானம் தோண்டித் தூண் எழுப்பினாலே போதும்.

பில்டரிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். மண் பரிசோதனை செய்தீர்களா, அறிக்கை எங்கே? அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம்? பிளிந்த் பீம் சுற்றிலும் ஓடுகிறதா? தரைமட்டத்துக்குள் நிரப்பியது கிராவலா, தோண்டி எடுத்த அதே கரிசலா? கடைசிக் கேள்வி முக்கியம். தோண்டிய மண்ணையே திரும்பக் கொட்டி மூடினால் பில்டருக்கு லாரி வாடகை மிச்சம். வாங்கியவருக்குத் தரை டைல்ஸ் தூக்கிக்கொள்ளும்.

அத்துடன் வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்காவது சிமெண்டுத் தளம் இருக்கவேண்டும். குளியலறைத் தண்ணீரும் மாடித் தண்ணீரும் சுவர் ஓரத்தில் இறங்கினால் அஸ்திவாரத்தின் ஒரு பக்கம் மட்டும் உப்பும்; வீடு கோணும்.

2. அவர் கட்டிய பழைய வீட்டைப் பாருங்கள்

புது வீடு பில்டரின் சாம்பிள் பாக்கெட். சரக்கைப் பார்க்க வேண்டுமானால் அவர் ஐந்து வருஷத்துக்கு முன்பு கட்டி விற்ற வீட்டுக்குப் போகவேண்டும். முகவரி கேளுங்கள், கொடுக்கத் தயங்கினால் அதுவே ஒரு பதில்.

அங்கே குடியிருப்பவரிடம் மழைக்கு ஒழுகுகிறதா, கதவு இறுகுகிறதா, புகார் சொன்னபோது பில்டர் வந்து பார்த்தாரா என்று விசாரியுங்கள். நமக்குக் கடன் கேட்டு வரும் புதுப்புள்ளியைப் பற்றி நாலு கடையில் விசாரிக்கிறோமே, அதே வழக்கம்தான்.

பார்க்கும் காலமும் முக்கியம். கரிசல் வீட்டின் விரிசல் பருவத்துக்குத் தக்கபடி அகலும், சுருங்கும். எனவே அந்த வீட்டைச் சித்திரை, வைகாசி வெயிலில் ஒருமுறையும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் ஒருமுறையும் பார்த்தால் உண்மை விளங்கும்.

3. கம்பியை நிறுத்துப் பாருங்கள்

வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே பேரம் முடிவானால் அது நல்ல வாய்ப்பு. பூச்சு பூசிய பின் மறைந்துபோகும் குற்றங்கள் அப்போது கண்ணுக்குத் தெரியும்.

கம்பியின் கனத்தைக் கண்ணால் பார்த்தால் ஏமாறுவோம். ஆனால் தராசு நம் வீட்டுப் பிள்ளை அல்லவா? கணக்கு இதுதான்: கம்பியின் மில்லிமீட்டர் அளவை அதே அளவால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 8 மி.மீ. கம்பி மீட்டருக்கு 395 கிராம், 10 மி.மீ. 617 கிராம், 12 மி.மீ. 888 கிராம், 16 மி.மீ. 1 கிலோ 580 கிராம். சரியாக ஒரு மீட்டர் துண்டு வெட்டி வாங்கிக் கடைத் தராசில் வையுங்கள். சில சதவீதம் கூடக் குறைய இருப்பதை இந்திய தர நிர்ணய விதியே அனுமதிக்கிறது. ஆனால் 12 மி.மீ. என்று சொன்ன கம்பி 830 கிராமுக்கும் கீழே நின்றால் அது எடை குறைந்த சரக்கு. கம்பியின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கம்பெனிப் பெயரும் உருட்டிப் பதித்திருக்க வேண்டும்.

தளம் போடுமுன் கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தளத்தில் 20 மி.மீ., தூணில் 40 மி.மீ. அளவாவது கம்பியைக் கான்கிரீட் மூடவேண்டும். கம்பி பலகையைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் சில வருஷத்தில் துருப்பிடித்துப் பருத்து, கூரைப் பூச்சைத் தள்ளிவிடும்.

4. சிமெண்டு, மணல், செங்கல்

சிமெண்டும் நம் கடைச் சரக்கு போல நாள்பட்டால் கெடும். தயாரித்த வாரமும் வருஷமும் மூட்டையிலேயே அச்சாகியிருக்கும். மூன்று மாதத்துக்கு மேற்பட்டதைச் சோதிக்காமல் பயன்படுத்தக்கூடாது. கையை விட்டால் கட்டி தட்டினால் அது தள்ளுபடிச் சரக்கு.

ஆற்று மணல் அருகிப்போய் இப்போது எம்-சாண்டுதான் பெரும்பாலும் வருகிறது. கிரஷர் தூசியையே எம்-சாண்டு என்று இறக்குவோரும் உண்டு. கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி இரண்டு, மூன்று மணி நேரம் அசையாமல் வையுங்கள். மேலே படியும் மாவுப்படலம் கனமாக இருந்தால் என்ஜினீயரைக் கேளாமல் அந்த மணலை ஏற்கக்கூடாது.

செங்கல் இரண்டைத் தட்டினால் மணிபோல ஓசை வரவேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழக்கூடாது. இடுப்பளவு உயரத்திலிருந்து தரையில் போட்டால் உடையக்கூடாது.

5. தண்ணீர்தான் உயிர், தண்ணீர்தான் எமன்

பாலில் தண்ணீர் கலந்தால் கண்டுபிடிக்கும் நாம், கான்கிரீட்டில் கலப்பதைக் கவனிப்பதில்லை. கொட்டுவதற்கு எளிதாக இருக்கும் என்று வேலையாட்கள் தண்ணீரை அதிகமாக விடுவார்கள். எம்-20 என்னும் சாதாரண வீட்டுக் கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 27 லிட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது. மணலில் உள்ள ஈரமும் அதில் சேர்த்தி. கூடிய ஒவ்வொரு வாளியும் பலத்தைக் குறைக்கும்.

போட்ட பிறகோ கதை தலைகீழ். அப்போது தண்ணீரைத் தாராளமாக விடவேண்டும். இப்போது அதிகமாக விற்கும் கலப்பு வகை சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் ஈரம் காயாமல் வைத்திருக்கவேண்டும். நம் வறண்ட சீமையில் தரம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். தண்ணீர் லாரிக்குக் காசு கொடுக்கவேண்டும் என்பதால் மூன்று நாளோடு நிறுத்திவிடுவார்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கிறதா, தூணில் ஈரச்சாக்கு சுற்றியிருக்கிறதா என்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் மத்தியானம் போய்ப் பாருங்கள்.

உப்புத் தண்ணீரில் கலவை போட்டால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். போர் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தாலே உவர்ப்பு தெரிந்தால், அதைச் சோதனைக்குக் கொடுத்த அறிக்கையைக் கேளுங்கள்.

6. விரிசலைப் படியுங்கள்

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. பூச்சில் சிலந்திவலை போல மயிரிழை ஓடினால் அது பூச்சு காய்ந்ததன் அடையாளம், பெரும்பாலும் பயமில்லை. கூரைக்கு அடியில் சுவரோரம் படுக்கையாக ஓடினால் வெயிலுக்குத் தளம் நீண்டு சுருங்குவதால் இருக்கலாம். ஜன்னல், கதவு மூலையிலிருந்து சாய்வாக, படிக்கட்டுப் போலச் செங்கல் இணைப்புகளில் ஏறினால் அஸ்திவாரம் அசைகிறது என்று பொருள். தூணிலோ பீமிலோ கம்பி ஓடும் வாக்கில் விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் உள்ளே துரு.

ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழையும் விரிசல் என்றால் என்ஜினீயர் பார்க்காமல் பேச்சை நிறுத்திவிடுங்கள். விரிசல் வளர்கிறதா என்று அறிய, குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டி வைப்பது பழைய முறை. கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

கீழே கடை, மேலே வீடு என்று வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. 2001-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி குஜராத் பூகம்பத்தில், மையத்திலிருந்து வெகுதூரத்தில் இருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழ்த்தளத்தில் சுவரில்லாமல் வெறும் தூண்களில் நின்றவை அவற்றில் பல. கடை விசாலமாக இருக்கவேண்டும் என்று தூணை எடுத்த கட்டடத்தையும் சுவரை உடைத்த கட்டடத்தையும் அழகு என்று எண்ணி வாங்காதீர்கள்.

7. தட்டிப் பாருங்கள், ஊற்றிப் பாருங்கள்

வீடு பார்க்கப் போகும்போது ஒரு நாணயம், ஒரு கோலிக்குண்டு, ஒரு தூக்குக்குண்டு, ஒரு வாளி போதும். நாணயத்தால் சுவரையும் டைல்ஸையும் தட்டுங்கள். தேங்காய் தட்டிப் பார்க்கும் காது நமக்கு உண்டு. 'டொக்' என்று வெற்றொலி வந்தால் உள்ளே பிடிப்பில்லை. கோலிக்குண்டைத் தரையில் விட்டால் கூடத்தில் நிற்கவேண்டும், குளியலறையில் வடிகாலை நோக்கி ஓடவேண்டும். சுவரோரம் தூக்குக்குண்டு தொங்கவிட்டால் சாய்வு தெரியும். மாடியில் தண்ணீரைக் கட்டி நிறுத்தி, மறுநாள் கீழ்க்கூரையில் ஈரக்கறை பாருங்கள். எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள். சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, ஓர் இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் திட்டாகத் தெரிந்தாலோ காரணம் கேளுங்கள்.

இதற்கு மேல் ஒரு என்ஜினீயரைக் கூலி கொடுத்து அழைத்துப் போங்கள். பில்டரோ தரகரோ அழைத்துவரும் என்ஜினீயர் வேண்டாம். கான்கிரீட்டின் உறுதியை உடைக்காமல் மேலாக அறியும் சுத்தியல் கருவிச் சோதனையும் இருக்கிறது. தளம் போட்டபோது எடுத்த கான்கிரீட் கட்டிகளின் 28 நாள் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள். எம்-20 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்கவேண்டும்.

8. எழுத்தில் வாங்குங்கள்

வாய்ச்சொல் வியாபாரம் நம் பெருமை. ஆனால் வீட்டுக்கு அது உதவாது. சிமெண்டின் வகை, கம்பியின் அளவு, அஸ்திவார ஆழம், டைல்ஸ், ஒயர், குழாய் ஆகியவற்றின் தரம் எல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கவேண்டும். கட்டமைப்பு வரைபடத்தின் நகல் கையில் இருக்கவேண்டும். கட்டிக்கொண்டிருக்கும் வீடானால், கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் முடிந்த பின் தருவதாக எழுதிக்கொள்ளப் பேசிப் பாருங்கள். தன் வேலையில் நம்பிக்கையுள்ள பில்டர் இதற்கு இணங்கக்கூடும்.

2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீட்டை ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து எழுதிக் கொடுத்தால், பில்டர் 30 நாளில் கூடுதல் பணமின்றிச் சரிசெய்ய வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ, எட்டு வீட்டுக்கு மேற்படாமலோ கட்டும் திட்டங்களுக்கு இந்தச் சட்டத்தில் பதிவு கட்டாயமில்லை. நம் ஊர்ப்பக்கம் ஒன்றும் இரண்டுமாகக் கட்டி விற்கும் வீடுகள் பலவும் இந்த வகையே. ஆகவே இங்கே ஒப்பந்தத் தாளே முதல் காவல்.

வீடு கட்டித் தருவதும் நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் சேவையே என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் 1993-ம் ஆண்டே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த தொகைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். வழக்கெழக் காரணம் ஏற்பட்ட இரண்டாண்டுக்குள் போகவேண்டும். ஆனால் வழக்கு என்பது கடையைச் சாத்திவிட்டு அலையும் காரியம். அதைவிட, வாங்கும் முன் ஒரு கிழமை அலைவது லாபம்.

நாணயமான பில்டர்களும் நம் பகுதியில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கமாட்டார்கள்; நல்ல சரக்கு வைத்திருக்கும் வியாபாரி மூட்டையைப் பிரித்துக் காட்டத் தயங்குவதில்லை அல்லவா? "பூசியாகிவிட்டது, இனி என்ன பார்க்க?" என்று சொல்கிறவரிடம், "அப்படியானால் அட்வான்ஸுக்கும் இப்போது அவசரமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். கொடுக்காத அட்வான்ஸ் கையில் இருக்கும் வரைதான் நம் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.